முதிர்ந்த கோழியும் முட்டைக் குறைவும்



நெல்லும் மரக்கறியும் பயிரிடும் உங்களிற் பலர் வீட்டு வளவிலே பத்து இருபது கோழிகளையும் வளர்க்கின்றீர்கள். முதலாண்டில் நிறைந்த முட்டைக் கூடை பின்னர் வரவரக் குறைவதேன் என்று பலர் வினவுகின்றனர். தீவனத்தைக் குறைகூறுவோரும், கண்ணூறு என்போரும் உளர். பல வேளைகளில் அதன் காரணம் கோழியின் தலைக்குள்ளேயே இருக்கின்றது.

மூளையின் அடியிலே கபச்சுரப்பி என்னும் உறுப்பு ஒன்று உண்டு. பயற்றம் விதையிலும் சிறிய இச்சுரப்பியே முட்டையிடுதலை ஆளுகின்றது. பகலொளி மண்டையோட்டை ஊடுருவி மூளையைத் தூண்ட, மூளை இச்சுரப்பியை ஏவுகின்றது. சுரப்பியோ ஓமோன்கள் எனப்படும் பொருள்களை இரத்தத்திற் கலக்கின்றது. அவற்றுள் ஒன்று சூலகத்தில் மஞ்சட் கருக்களை வளர்க்கும். மற்றொன்று முதிர்ந்த கருவை விடுவிக்கும். விடுபட்ட கரு ஓடு பெற்று முட்டையாக வெளிவர ஏறக்குறைய 25 மணி நேரம் செல்லும்.

இளங்கோழியில் இவ்வேவல் வலிமையுடன் நடைபெறும். வயது ஏற ஏற ஒளியாற் பெறும் தூண்டுதல் குறைகின்றது; ஓமோனின் எழுச்சியும் தாழ்கின்றது; கருக்கள் முதிர்வதும் மந்தமாகின்றது. ஆதலால் நாள் தவறாது முட்டையிட்ட கோழி இடையிடையே ஓய்கின்றது. முட்டை பருக்க, ஓடு மெலிகின்றது. இரண்டாம் ஆண்டில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைதல் இயல்பே. முதுமையை மாற்றவல்ல மருந்து இல்லை. அதற்கெனப் பணத்தை இறையாதீர்கள்.

ஆயினும், முதுமை மெல்ல மெல்லவே வரும். முட்டை திடீரெனக் குறையுமாயின் வயதின்மேற் பழி போடாது, குடிநீர், தீவனம், நோய், பேன் ஆகியவற்றை முதலிற் கவனியுங்கள். அடைகாக்க அமரும் கோழியும், இறகுதிர்க்கும் கோழியும் சில காலம் முட்டையிடா. பின்னர் மீண்டும் இடும். அவற்றை அவசரப்பட்டுக் கழித்துவிடலாகாது.

கழிக்கவேண்டிய கோழியை அறியும் வழி எளிது. இரவிற் கோழி கூட்டில் அடங்கியபின் அதனைக் கையிலெடுங்கள். மலவாசலின் இரு பக்கத்தும் உள்ள எலும்பு முனைகளுக்கிடையே இரண்டு மூன்று விரல்கள் நுழையுமாயின், வாசலும் அகன்று ஈரமாயிருக்குமாயின், அது முட்டையிடும் கோழி. ஒரு விரலே நுழைந்து, வாசல் சுருங்கி உலர்ந்து, கொண்டையும் வெளிறியிருப்பின் அது இடுவதில்லை. அதன் காலில் அடையாளமிட்டு, சில வாரங்களின் பின் மறுபடியும் பாருங்கள். அப்பொழுதும் மாற்றமில்லையாயின் விற்றுவிடுங்கள்.

எல்லாக் கோழிகளையும் ஒரே காலத்தில் முதுமையடைய விடாதீர்கள். ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கழித்து, அவ்விடத்தில் இளம் பேடுகளைச் சேர்த்து வாருங்கள். வயலில் விளையாத பயிருக்கு நீங்கள் பசளை இடுவதில்லை. முட்டையிடாத கோழிக்கு மட்டும் நாள்தோறும் தீவனம் இடுவானேன்? அக்கைப்பிடித் தீவனம் இடும் கோழிக்குச் சேரட்டும். அதன் பயன் உங்கள் பிள்ளைகளின் உணவிலே தெரியும்.