மைல்தோறும் காத்திருந்த தோழர்

கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸ், 1977இல் தம் 18ஆம் வயதில், எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்தவர். 1979இல் செயற்கைக் காலோடு ஓடிப் பழகினார். பிரின்ஸ் ஜார்ஜ் நகரப் பந்தயத்தில் கடைசியாகவே வந்தார். ஓடி முடித்ததே அவருக்குப் பேருவகை. புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட, 1980 ஏப்ரல் 12இல் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார்.

அவரை உலகறியும். யான் கூற விழைவது அவர்தம் பள்ளித்தோழர் டக் ஆல்வர்டைப் பற்றி. அவர் ஒரு மைல் முன்சென்று, வண்டியை நிறுத்தி, நீரோடு காத்திருப்பார். டெர்ரி வந்ததும் அடுத்த மைல். இடையே இருவர்க்கும் பிணக்கு மூண்டு பேச்சும் நின்றது. நல்ல நட்பில் பிணக்கே வாராது என்பாரை யான் ஒப்பேன். தம்பி டாரல் வந்து இருவரையும் சிரிக்க வைத்தார்.

செப்டம்பர் 1, 143ஆம் நாள். 5,373 கிலோமீட்டர் கடந்து, தண்டர் பே அருகே நெஞ்சுவலியால் ஓட்டம் நின்றது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமாறு டெர்ரி கேட்டது டக்கிடமே.