மழைநாளும் அப்பாவின் கோபமும்



தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மழை என்றால் கொண்டாட்டம். நானும் அப்படித்தான் இருந்தேன். விடியற்காலையில் தகரக்கூரையில் மழைச் சத்தம் கேட்டால், அப்பா இன்று வீட்டில் இருப்பார் என்று மனம் துள்ளும். அவரோ வாசலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போனால் எரிந்து விழுவார். என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று எட்டு வயதில் முடிவு கட்டிவிட்டேன்.

பட்டை நனைந்திருந்தால் பால்மரம் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். அந்நாளில் வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. இவையெல்லாம் எனக்கு விளங்கியது பதினான்கு வயதில், ஆண்டிறுதி விடுமுறையில் அம்மாவுக்கு உதவியாக நிரைக்குப் போனபோதுதான். பாதி மரம் வெட்டியிருப்போம், மழை பிடித்துக்கொண்டது. மங்குகளில் தண்ணீர் நிறைந்து, பால் வெள்ளைக் கோடாகத் தரையில் ஓடியது. அம்மா ஒன்றும் பேசவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நவம்பர், டிசம்பர் அடைமழைக்காலம். அக்காலத்தில் ஜனவரியில் பள்ளி திறக்கும். சட்டை, சப்பாத்து, புத்தகம் எல்லாம் அந்த மழையில் நனைந்த சம்பளத்தில்தான் வாங்கவேண்டும். அப்பா முறைத்துப் பார்த்தது என்னையல்ல, மழையை. எனக்கு விளங்கிவிட்டது என்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. இன்று சொல்வதற்கு அவர் இல்லை.

பெற்றோர்களே, வளர்ந்தால் தானாகப் புரிந்துகொள்வார்கள் என்று நாம் இருந்துவிடுகிறோம். அதுவரை பிள்ளை சும்மா இருப்பதில்லை. தனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டுக்கொள்கிறது.

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, அப்பா தன்னோடு பேசுவதே இல்லை என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து வெட்டிவிட்டு வருகிறவருக்குக் கழுத்தைத் திருப்பவே முடியாது, பேச்சு எங்கே வரும்? அவரை அழைத்துச் சொன்னேன்.

“சின்னப் பிள்ளைகிட்ட என்னத்த சார் சொல்றது?” என்றார்.

“சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். அவளே வாசித்துச் சொல்லட்டும்,” என்றேன். அரைமனத்தோடுதான் போனார்.

மறுவாரம் அவள் என் மேசைக்கு வந்தாள். கையில் ஒரு சின்னத் துண்டுக் காகிதம்; எண்களை எழுதிக் கழித்துப் பார்த்திருந்தாள்.

“சார், அப்பா சம்பளத்துல ஏன் இவ்வளவு பிடிக்கிறாங்க?”

இருவரும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தோம்.