துவிச்சக்கர வண்டியின் சங்கிலி

2022ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வீட்டு மூலையில் துருவேறிக் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. ஆயினும், நெடுநாள் கவனியாது விட்ட வண்டி தேவை வந்த நாளில் உடனே உதவுவதில்லை. வண்டியில் ஆர்வமுள்ளோர் இதனை நன்கறிவர். சிறு வேலைகளை வீட்டிலேயே அவ்வப்போது செய்து முடிப்பர்.

வண்டியின் உறுப்புக்களுள் மிகுதியாக உழைப்பது சங்கிலி. புழுதி படிந்த சங்கிலியின்மேல் எண்ணெய் வார்ப்பது பலர் செய்யும் பிழை. எண்ணெயும் மணலும் கலந்தால் அவை அரம்போல் இரும்பை அராவும். முதலில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அழுக்கை நீக்குதல் வேண்டும். பின்னர் கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, வெளியே எஞ்சியதைத் துடைத்துவிடுதல் வேண்டும். எண்ணெய் தேவைப்படுவது உள்ளேயிருக்கும் ஆணிகளுக்கே.

ஆணிகள் தேயத் தேயச் சங்கிலி நீளும். அதனை அறிய ஓர் அடிக்கோல் போதும். புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலமாகும். அந்நீளம் அங்குலத்தின் பதினாறிலொரு பங்கு கூடியதும் சங்கிலியை மாற்றிவிட்டால், பற்சக்கரங்கள் பெரும்பாலும் தப்பும். எட்டிலொரு பங்கு கூடும்வரை வாளாவிருந்தால் பற்களும் தேய்ந்துவிடும், செலவு பன்மடங்காகும். செலவு மட்டுமன்று: ஏற்றத்தில் ஊன்றி மிதிக்கையில் தேய்ந்த சங்கிலி பற்களில் வழுக்கினால், மிதிப்பவர் நிலைதடுமாறி நடுவீதியில் விழ நேரும். அடிக்கோலைக் கையிலெடுக்க ஒரு நிமிடமே ஆகும்.