ஒரே கேசட், இரண்டு விலை



எண்பதுகளில் நம் தெருக்களுக்கு வீடியோ டெக் வாடகைக்கு வந்த இரவுகள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். டி.வி., டெக், நாலு படக் கேசட், எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி எடுத்து வருவார்கள். விடிய விடியத் தெருவே உட்கார்ந்து பார்க்கும். அந்தக் கேசட்டைக் கடைக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவும் தேவையில்லை. பெரும்பாலும் அது காப்பிக்குக் காப்பி. காலிக் கேசட்டின் விலைதான் அதன் விலை.

அமெரிக்காவில் விஷயம் வேறு. 1985 வாக்கில் அங்கே புதிதாக வெளிவந்த ஒரு படத்தின் கேசட்டைச் சொந்தமாக வாங்கப் போனால், 79 டாலர் 95 சென்ட் எடுத்து வை என்பார்கள். அன்றைக்கு அந்த நாட்டில் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட். ஆக, ஒரு தொழிலாளி மூன்று நாள் முழுதாக உழைத்த கூலி ஒரு படக் கேசட்டுக்குப் போய்விடும். அதே படத்தைத் தியேட்டரில் பார்க்கச் சுமார் மூன்றரை டாலர்தான்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அதே 1985-இல் டிஸ்னி நிறுவனம் ‘பினோக்கியோ’ படத்தைக் கேசட்டில் கொண்டுவந்தது. விலை 79 டாலர் 95 சென்ட். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது அதே கேசட்டின் விலை 29 டாலர் 95 சென்ட். படத்தில் ஒரு காட்சி குறையவில்லை, நாடா ஓரங்குலம் குறையவில்லை. ஐம்பது டாலர் மட்டும் குறைந்துவிட்டது.

கேசட் தயாரிக்க ஆன செலவில் இதற்குக் காரணம் தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்தில் நகல் எடுக்கும் கூடங்களில் ஒரு மூல நாடா ஓடும். அதோடு இணைத்த நூற்றுக்கணக்கான ரெக்கார்டர்கள் அதைப் பார்த்துப் பதிவு செய்யும். இரண்டு மணி நேரப் படத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். வேகமாகப் பதியும் இயந்திரங்கள் பிறகுதான் வந்தன. அப்படியிருந்தும் நாடா, பெட்டி, அட்டை, ஆள்கூலி எல்லாம் சேர்த்து ஒரு கேசட்டுக்குச் சில டாலர்தான் ஆகும். மீதி எழுபது டாலர் யார் தலையில் விழுந்தது?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1977-இல் மிச்சிகன் மாநிலத்தில் மேக்னெடிக் வீடியோ என்ற நிறுவனத்தை நடத்திய ஆந்த்ரே பிளே, டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டூடியோவிடம் ஐம்பது படங்களுக்கு உரிமை வாங்கி, ஒரு கேசட் சுமார் 50 டாலர் என்று விற்கத் தொடங்கினார். ஜனங்கள் வாங்கி வீட்டில் அடுக்கி வைப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதே ஆண்டு டிசம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் வில்ஷயர் சாலையில் சின்னக் கடை வைத்திருந்த ஜார்ஜ் அட்கின்சன் வேறு கணக்குப் போட்டார். அந்த ஐம்பது படங்களையும் வாங்கி, வாடகைக்கு விடுவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வருடச் சந்தா 50 டாலர், ஆயுள் சந்தா 100 டாலர், அதற்கு மேல் ஒரு நாள் வாடகை 10 டாலர். இன்று கேட்டால் கொள்ளை என்போம். ஆனால் கூட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அவர் பெயர்ப்பலகையில் நூற்றுக்கணக்கான கடைகள் முளைத்தன.

ஸ்டூடியோக்காரர்கள் வழக்குப் போடுவோம் என்று மிரட்டிப் பார்த்தார்கள். போட முடியவில்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பழைய கோட்பாடு உண்டு. 1908-இல் ஒரு புத்தக வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு பிரதியை விற்றுவிட்டால் அந்தப் பிரதியின் மேல் உனக்கு இருந்த பிடி போயிற்று. வாங்கினவர் விற்கலாம், இரவல் தரலாம், வாடகைக்கும் விடலாம். சைக்கிள் கம்பெனிக்காரர் வாடகை சைக்கிள் கடைக்கு வந்து, மணிக்கு இவ்வளவு எனக்குக் கொடு என்று கேட்க முடியுமா? அதே நியாயம்தான்.

ஸ்டூடியோக்கள் சும்மா விடவில்லை. 1981-இல் வார்னர் நிறுவனம், கேசட்டை விற்காமல் கடைகளுக்கே வாடகைக்குத் தருவோம் என்றது. கடைக்காரர்கள் ஒன்றுகூடிக் கொதித்தார்கள், திட்டம் படுத்துவிட்டது. பிறகு சட்டத்தையே மாற்றச் சொல்லி நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். இசைத்தட்டுக் கம்பெனிகள் கேட்டது 1984-இல் கிடைத்தது. இசைத்தட்டை வாடகைக்கு விட அங்கே தடை வந்தது. படக்காரர்கள் கேட்டது கிடைக்கவில்லை. அதற்குள் கேசட் கடைகள் ஊருக்கு ஊர் வந்து, கடைக்காரர்கள் சங்கமும் வைத்துவிட்டார்கள். ஓட்டுள்ள கூட்டம், பாருங்கள்.

வாடகையில் பங்கு கிடையாது என்று ஆனதும் ஸ்டூடியோக்களிடம் மிஞ்சிய ஒரே ஆயுதம் விலை. கடைக்காரர் இந்தக் கேசட்டை ஐம்பது பேருக்கு விடப்போகிறார். அந்த ஐம்பது பேரின் காசில் நம் பங்கை முதல் நாளே வாங்கிவிடுவோம் என்று விலையை ஏற்றினார்கள். அந்த எண்பது டாலர் விலை நமக்காகப் போட்டதே அல்ல. கடைக்குள் வந்து விலையைப் பார்த்து மலைத்த குடும்பத்தலைவர், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பேரத்தை ஒட்டுக்கேட்டார், அவ்வளவுதான்.

கடைக்காரர் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பேரம் எவ்வளவு கடினம் என்று புரியும். மொத்த விலையில் ஒரு கேசட் அவருக்குச் சுமார் 65 டாலருக்கு வரும். வாடகை 3 டாலர். போட்ட முதலை எடுக்கவே இருபத்திரண்டு முறை அது வெளியே போய்த் திரும்பி வரவேண்டும். புதுப்படத்துக்குக் கிராக்கி முதல் சில வாரம்தான். அதிலும் வெள்ளி, சனி இரவுகள்தான். ஐம்பது பேர் கேட்கிறார்கள் என்று ஐம்பது கேசட் வாங்கினால் அடுத்த மாதம் நாற்பது கேசட் தூங்கும். அதனால் நாலைந்து வாங்குவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் புதுப்படத்தின் அட்டைப்பெட்டிகள் வரிசையாக நிற்கும். பின்னால் கேசட் இருக்காது. தாமதமாகத் திருப்பினால் அபராதம் என்று கடைக்காரர் கறாராக நின்றதும் இந்தக் கணக்கால்தான். தொலைத்துவிட்டாலோ, முழு விலையையும் கட்டு என்பார்கள். மூன்று டாலர் வாடகைக்கு எடுத்தது எண்பது டாலர் கடனாக நிற்கும்.

எல்லா ஸ்டூடியோவும் ஒரே மாதிரி யோசிக்கவில்லை. பாரமவுண்ட் 1982-இல் ‘ஸ்டார் டிரெக்’ இரண்டாம் படத்தை 39 டாலர் 95 சென்ட்டுக்கு விட்டுப் பார்த்தது. விலை குறைந்தால் கடைக்காரர் மட்டுமல்ல, குடும்பமும் வாங்கும் என்று தெரிந்தது. 1987-இல் ‘டாப் கன்’ 26 டாலர் 95 சென்ட். படத்துக்கு முன்னால் டயட் பெப்சி விளம்பரம். மறு ஆண்டு ‘ஈ.டி.’ 24 டாலர் 95 சென்ட். கள்ளப் பிரதியை அடையாளம் காண அந்தக் கேசட்டுக்குப் பச்சை நிற மூடி போட்டார்கள். கோடிக்கு மேல் விற்றது. குழந்தைகள் ஒரே படத்தை நூறு தடவை கேட்பார்கள் என்று டிஸ்னிக்குத் தெரியாதா? அவர்கள் கார்ட்டூன் படங்களை இந்த விலைக்கே கொண்டுவந்தார்கள். ஆனால் ஒருமுறை பார்த்தால் போதும் என்கிற திகில் படமும் பெரியவர்களுக்கான நாடகமும் தொண்ணூறு, நூறு டாலரிலேயே நின்றன. விலைச்சீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம், இந்தப் படத்தை யாரும் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள் என்று ஸ்டூடியோ நினைக்கிறது என்று! பொறுத்திருந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதே படம் இருபது டாலருக்கு இறங்கும். மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் நாடாவை மிச்சப்படுத்த மெதுவான வேகத்தில் பதிந்திருப்பார்கள். படம் மங்கலாகத் தெரியும்.

1998-இல் பிளாக்பஸ்டர் என்ற பெரிய சங்கிலிக் கடை ஸ்டூடியோக்களோடு உட்கார்ந்து பேசி முடித்தது. கேசட்டுக்கு முன்பணமாகச் சில டாலர் மட்டும் தருவோம், வாடகையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் உங்களுக்கு என்றது. எண்பதுகளில் கேட்டுக் கிடைக்காத அதே பங்கு! அலமாரிகள் புதுப்படத்தால் நிறைந்தன. தனிக்கடைக்காரர்களுக்கு அந்தச் சலுகை அதே அளவில் கிடைக்கவில்லை. அவர்களில் பலர் பழைய விலையிலேயே வாங்க வேண்டியிருந்தது. நீதிமன்றம் போனார்கள், 2002-இல் வழக்கு தள்ளுபடியானது.

அதற்குள் டி.வி.டி. வந்துவிட்டது. 1997-இல் வார்னர் நிறுவனம் தட்டை முதல் நாளிலிருந்தே வீட்டுக்காரர் வாங்கக்கூடிய விலையில் வைத்தது; மற்ற ஸ்டூடியோக்களும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. வாடகைக் கடைக்காரருக்கும் அதே இருபது சொச்சம் டாலர்தான். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் கூட்டம் சேர்க்க நஷ்டத்துக்கே தட்டு விற்ற வாரங்களில், சின்ன வாடகைக் கடைக்காரர்கள் தங்கள் மொத்த வியாபாரியை விட்டுவிட்டு, தள்ளுவண்டியோடு அங்கே போய் வரிசையில் நின்று வாங்கி வந்ததும் உண்டு.