புதுக் காரும் கூடுதல் உறுப்புகளும்

புதிய கார் வாங்குவதென்று ஒரு குடும்பம் முடிவு செய்துவிட்டால், எந்த வண்டி, என்ன விலை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்னும் கேள்விகள் பல நாட்கள் வீட்டில் அடிபடும். இவற்றை எல்லோரும் நன்றாகவே ஆராய்கிறார்கள். ஆனால் அவ்வண்டியோடு எவற்றைச் சேர்த்து வாங்குவது, எவற்றை விடுவது என்னும் கேள்வி மட்டும் விற்பனை நிலையத்தின் குளிர்ந்த அறையில், கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. இக்காலத்தில் அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் பார்த்துப் பெற்றோருக்குப் பொருள் கூறுபவர் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோதான். ஆகவே மாணவ நேயர்களை முன்னிட்டே இப்பொருளைப் பேச எடுத்துக்கொண்டேன்.

வண்டிக்கு இன்றியமையாதவை அதன் விலையில் அடங்கும், மற்றவை தனி விலைக்குரியவை என்று நாம் எண்ணுகிறோம். இந்த எல்லைக்கோடு விற்பவர் கிழிப்பது. காலந்தோறும் இடம் மாறி வந்திருக்கிறது. 1908ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட 'மாடல் டி' வண்டிக்குத் தொடக்க நாட்களில் மேற்கூரையும், காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடியும், முகப்பு விளக்குகளும்கூடத் தனி விலைக்குரியவையாக இருந்தன. இரும்புக் கைப்பிடியைச் சுழற்றாமல் மின்சாரத்தால் இயந்திரத்தைக் கிளப்பும் கருவி அவ்வண்டிக்கு 1919இல்தான் வந்தது. 1940ஆம் ஆண்டு மாதிரியில் பேக்கார்டு நிறுவனம் குளிர்சாதனத்தைத் தனி விலைக்கு விற்றது. அக்கருவி பின்புறச் சாமான் அறையில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. 1968இல் மற்றோர் அமெரிக்க வண்டி குளிர்சாதனத்தை விலையிலேயே அடக்கித் தந்தது. அவ்வண்டியின் பெயரும் அம்பாஸடர்தான். நம் நாட்டில் 2014 வரை உற்பத்தியாகி வந்த அம்பாஸடருக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை.

கூரையும் குளிர்சாதனமும் சௌகரியத்தைச் சேர்ந்தவை. அவை இல்லாதவர் நனைவார், வியர்ப்பார், அவ்வளவே. உயிரைக் காக்கும் பொருளும் இதே பட்டியலில் இடம்பெறும்போதுதான் வழக்கு வேறாகிறது. சீட் பெல்ட் என்று நாம் வழங்கும் இருக்கைப் பட்டையின் கதையைப் பாருங்கள். 1956ஆம் ஆண்டு மாதிரிகளில் ஃபோர்டு நிறுவனம் இதனைத் தனி விலைக்கு அளித்து, பாதுகாப்பையே முன்வைத்து விளம்பரமும் செய்தது. அவ்வாண்டு விற்பனையில் போட்டி நிறுவனமான செவ்ரோலெட் முந்திக்கொண்டது. பாதுகாப்பு விலைபோகாத சரக்கு என்னும் எண்ணம் அத்தொழிலில் வேரூன்றிவிட்டது. 1959இல் ஸ்வீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் ஒருசேரப் பிணிக்கும் மூன்று முனைப் பட்டையை அமைத்தார். அந்நிறுவனம் அதன் உரிமையைத் தனக்கென்று பூட்டி வைக்காமல் எல்லோரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. அப்படியிருந்தும், 1965இல் ரால்ஃப் நேடர் கார்த் தொழிலைக் கண்டித்து நூல் எழுதி, 1966இல் பாதுகாப்புச் சட்டம் பிறந்து, 1968 தொடங்கிப் புதிய வண்டிகளிலெல்லாம் பட்டை இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க அரசு ஆணையிட நேர்ந்தது. பல ஆண்டுகள் உயிரைக் காக்கும் பட்டை விரும்பினால் வாங்கலாம் என்னும் பொருளாக இருந்தது. அவ்வாண்டுகளில் அதை வேண்டாமென்று தள்ளியவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். பட்டியலில் அது மற்றவற்றோடு மற்றொன்றாக எழுதப்பட்டிருந்தது. அவர்களும் அப்படியே படித்தார்கள்.

நம் நாட்டிலும் இக்கதை நடந்தது. 2014ஆம் ஆண்டு குளோபல் என்கேப் என்னும் சோதனை அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு ஆராய்ந்தது. மாருதி ஆல்ட்டோ 800, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகியவை அவை. சோதிக்கப்பட்டவை காற்றுப்பை இல்லாத அடிநிலை வகைகள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் பெற்றது பூஜ்யம். பின்னர் அதே போலோ வண்டி, முன்புறம் இரண்டு காற்றுப்பைகளோடு சோதிக்கப்பட்டது. இம்முறை அது நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. ஒரே பெயர், ஒரே உருவம். இடையிலிருந்த வேறுபாடு பட்டியலில் ஒரு வரி. காற்றுப்பை இல்லாத வகையை அந்நிறுவனம் இந்தியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. அச்சோதனையில் மற்றோர் உண்மையும் தெரிய வந்தது. ஐந்தில் சில வண்டிகளின் உடற்கூடே மோதலில் நிலைகுலைந்தது. அவற்றில் காற்றுப்பையைச் சேர்த்தாலும் பெரும்பயன் இராது என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆகவே கூடுதல் உறுப்புகளைப் பற்றி யோசிக்கும் முன்பே வண்டியின் கூடு எத்தகையது என்று கேட்டாக வேண்டும். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டு மதிப்பீடே நடைமுறைக்கு வந்திருப்பதால், இதற்கு விடை தேடுவது முன்போல் கடினமன்று.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். மேலிருந்து விழும் ஒரு பொருள் இந்த வேகத்தை அடைய வேண்டுமானால் 14 மீட்டர் விழ வேண்டும். அதாவது 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, நான்கு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பாகும். மடியிலிருக்கும் குழந்தையைக் கையால் பிடித்துக்கொள்வேன் என்று சொல்பவர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

சட்டம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 2019 முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவியும், பின்னால் உள்ளதை ஒலியால் உணர்த்தும் கருவியும் புதிய கார்களில் கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணியின் காற்றுப்பையும் 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் கட்டாயமாயிற்று. ஆறு காற்றுப்பைகள் வேண்டும் என்று 2022இல் வரைவு விதி வெளிவந்தது. ஆனால் 2023இல், அதைக் கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். சட்டம் நின்ற அவ்விடத்திலிருந்து வாங்குபவரின் பொறுப்பு தொடங்குகிறது.

அப்பொறுப்பை நிறைவேற்றுவது சொல்லுமளவு எளிதன்று. மேலை நாடுகள் சிலவற்றில் வேண்டியதை ஒவ்வொன்றாகக் குறித்து வண்டி செய்யச் சொல்லும் வழக்கம் உண்டு. இங்கே பெரும்பாலும் அடிநிலை, நடுநிலை, மேல்நிலை என்று வகைகளாகவே விற்கிறார்கள். பக்கவாட்டுக் காற்றுப்பை வேண்டுமென்றால், அதனோடு பளபளக்கும் அலாய் சக்கரமும், கூரையில் திறக்கும் சன்ரூஃப் கண்ணாடியும் சேர்ந்தே வருகின்றன. பருப்பு வாங்கச் சென்றவரிடம் பட்டுப்புடவையையும் எடுத்தால்தான் தருவேன் என்பது போன்ற வாணிகம் இது. சித்திரை வெயிலில் வாழும் நமக்குத் தலைக்கு மேல் கண்ணாடி எதற்கு என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. குழந்தைகளை அதன் வழியே நிற்க வைத்து ஓட்டுவதைக் காணும்போது விளங்காமை அச்சமாக மாறுகிறது. பெரிய வண்டியின் அடிநிலைக்கும் சிறிய வண்டியின் மேல்நிலைக்கும் விலை ஒன்றாக இருக்கும்போது, பலர் பெரிய வண்டியையே எடுக்கின்றனர். இரண்டின் பாதுகாப்பு உறுப்புகளையும் மோதல் மதிப்பீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் எடுத்தால் குறையில்லை.

வரிசை வகுத்துக்கொள்ள ஒரு கேள்வி பெரிதும் துணைபுரியும்: இதைப் பின்னால் சேர்க்க முடியுமா? பாய் விரிப்பு, ஒலிபெருக்கி, சாமான் தட்டு, பின்புறக் காமிரா ஆகியவற்றை எந்த ஊர்க் கடையிலும் பிறகு பொருத்திக்கொள்ளலாம். பெரும்பாலும் விலையும் குறைவு. காற்றுப்பையையோ, வண்டி தடம் புரளாமல் காக்கும் மின்னணுக் கருவியையோ, குழந்தை இருக்கையைப் பூட்டும் கொக்கிகளையோ அப்படிச் சேர்த்துவிட முடியாது. அவை தொழிற்சாலையில் வண்டியோடு பிறக்க வேண்டியவை. கடனில் வாங்குவோர் மற்றொன்றையும் நினைக்க வேண்டும். 50,000 ரூபாய் மதிப்புள்ள அலங்காரங்களை வண்டியின் கடனிலேயே சேர்த்து, 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகள் செலுத்தினால், வட்டி மட்டும் ஏறத்தாழ 12,000 ரூபாய் ஆகிறது. விரிப்பு கிழிந்த பிறகும் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்போம்.

தடம் புரளாமல் காக்கும் கருவி என்றேன். விற்பனையாளர் அதனை இ.எஸ்.பி. என்றோ இ.எஸ்.சி. என்றோ குறிப்பிடுவார். ஓட்டுநர் திருப்பும் திசையும் வண்டி செல்லும் திசையும் வேறுபட்டால், இக்கருவி அதை உணர்ந்து, வேண்டிய ஒரு சக்கரத்தை மட்டும் தடுத்து வண்டியை நேர்ப்படுத்தும். 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை, மெர்சிடஸ் நிறுவனத்தின் புதிய 'ஏ கிளாஸ்' வண்டியைச் சோதித்தது. அந்நாட்டுச் சாலைகளில் மூஸ் என்னும் பெரிய மான் திடீரென்று குறுக்கிடும். அப்போது வளைத்து ஒதுங்குவதைப் போல ஓட்டியபோது அப்புதிய வண்டி கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி வைத்து, வண்டியைத் திருத்தி, இக்கருவியை அவ்வகை வண்டிகள் அனைத்திலும் தனி விலையின்றிப் பொருத்தியது. நம் ஊரில் மூஸ் இல்லை. மாடு உண்டு, எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டியும் உண்டு. பட்டியலில் இக்கருவியின் பெயர் மூன்று எழுத்துகளோடு முடிந்துவிடுவதால், பலர் அதைக் கடந்து சென்று வண்ணத் திரையின் அளவைப் படிக்கிறார்கள்.

திரையைப் பற்றியும் ஒரு சொல். வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்வது சற்று வேடிக்கைதான்: காரில் வானொலியும் ஒருகாலத்தில் கூடுதல் உறுப்பாகவே வந்தது. 1930இல் அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்னும் பெயரில் அதை விற்றபோது, ஓட்டுநரின் கவனம் சிதறும் என்ற அச்சமும் எழுந்தது. ஆயினும் வானொலிக்குக் காது போதும். திரைக்குக் கண் வேண்டும். குளிர்சாதனத்தைக் குறைக்கவும் திரையில் விரல் வைத்துத் தேட வேண்டிய வண்டியைவிட, தடவிப் பார்த்தே திருகக்கூடிய குமிழ் உள்ள வண்டி எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

காசு கொடுத்துத் தீமையை வாங்குவதும் உண்டு. வண்டியின் முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பி நடந்து செல்பவருக்குக் கேடு விளைவிப்பதோடு, மோதலின் விசையைத் திசைமாற்றிக் காற்றுப்பை உரிய நேரத்தில் விரிவதையும் கெடுக்கக்கூடும். 2017 டிசம்பரில் மத்திய அரசு அதன்மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள வண்டிக்கு முழு உறை தைத்துப் போட்டால், விரிய வேண்டிய பையை நாமே கட்டி வைத்தவர்களாவோம். எல்லாவற்றினும் விந்தையானது, பட்டை அணியாதவரை எச்சரிக்கும் மணியை ஏமாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட போலிக் கொக்கி. 2023இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை இணைய வணிகத் தளங்களிலிருந்து நீக்க ஆணையிட்டது.

முன்பணம் கட்டுவதற்கு முன், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்ப்பதோடு நில்லாமல் பின்னிருக்கைக்கும் சென்று பாருங்கள். அங்கே அமரப்போகும் பாட்டியும் தம்பியும் விலைப் பேச்சில் கலந்துகொள்ளப் போவதில்லை. மூன்று பேர் அமரும் இடத்தில் மூன்று பட்டைகள் உள்ளனவா, நடுவில் இருப்பது தோள்வரை வருவதா அல்லது இடுப்போடு நின்றுவிடுவதா, மூன்று தலைகளுக்கும் பின்னால் அணைவு உண்டா, பக்கவாட்டுக் காற்றுப்பை பின்வரிசை வரை நீள்கிறதா என்று பாருங்கள். பட்டையை இழுத்து, பூட்டி, மீண்டும் விடுவித்துப் பாருங்கள். உறைக்கு அடியில் கொக்கி புதைந்து கிடந்தால், அதை வெளியே எடுத்துத் தரும்படி விற்பனையாளரிடம் அப்போதே சொல்லிவிடலாம்.