ஓடுகையில் மயங்கும் பிள்ளை
(விழாவில் ஆற்றிய உரை)



சம்பா அறுவடை முடிந்த வயல்களில் பிள்ளைகள் ஓடி விளையாடுவது நம் காவிரி நாட்டின் இனிய காட்சி. அவ்வோட்டத்தின் நடுவே ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், "வெயில்" என்றோ "பசி" என்றோ தேற்றிக்கொள்கிறோம். அது இதயத் தசை தடிக்கும் நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இந்நோய் பெரும்பாலும் மரபுவழி வருவது. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட குறை இந்தியரில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரிடம் உண்டென 2009-இல் நம் நாட்டு அறிஞர்கள் உள்ளிட்ட குழு வெளியிட்டது. அவர்கள் அனைவரும் நோயுறுவதில்லை. எனினும் விழிப்பு வேண்டும்.

ஓய்ந்திருக்கும்போது மறைந்திருப்பது ஓடும்போது வெளிப்படலாம். ஆகவே எக்கோ பரிசோதனைக்குப் பின், இதய மருத்துவர் தக்கதெனக் கருதினால், பிள்ளையை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் செய்து இ.சி.ஜி.யையும் இரத்த அழுத்தத்தையும் கவனிப்பர். உழைக்கும்போது அழுத்தம் உயர்வது இயல்பு. அது உயராவிடினும், தாழினும், துடிப்பின் தாளம் பிறழினும் எச்சரிக்கையே. அச்சோதனை ஒன்றே முடிவன்று. எக்கோ அளவுகளும் குடும்ப வரலாறும் சேர்ந்தே இடரைக் காட்டும்.

எனவே, குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென மறைந்திருந்தால், சம்பந்தம் தடைப்படுமென்று அதனை மறைக்காதீர்கள். நோயுள்ள பிள்ளையின் உடன்பிறந்தோரையும் பரிசோதியுங்கள். உடலில் நீர் குறைதல் இந்நோய்க்குத் தீங்கு. ஆதலின் அப்பிள்ளையை மருத்துவரைக் கேளாமல் நீரும் அருந்தா உபவாசம் இருக்க விடாதீர்கள்.

உயிரோம்பல் நம் முதல் அறம். அதனை நம் இல்லத்துப் பிள்ளையிடமிருந்து தொடங்குவோம்.