மார்பகப் புற்றுநோயும் ஈஸ்ட்ரஜனைக் குறைக்கும் மாத்திரையும்



நூற்றாண்டு விழாவில் சுகாதாரம் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. ஒரு சிறு மாத்திரையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் என்ற பெயர்களில் வருவது. மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின், மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தினமும் ஒன்றாக, பெரும்பாலும் 5 வருடங்களுக்குக் கொடுக்கப்படுகிறது.

"எனக்கு அது நின்னு பத்து வருஷமாச்சி, இனி எதுக்கு டொக்டர் ஹோர்மோன் மாத்திரை?" என்று அம்மாமார் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஈஸ்ட்ரஜனைப் பிரதானமாகச் சுரப்பது சூலகம். மாதவிடாய் நின்றதும் அந்தப் பெரிய பீலி வற்றிவிடுகிறது. சிறு ஊற்றுகள் வற்றுவதில்லை. அதிரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் ஹோர்மோன்களை, கொழுப்பிலும் தசையிலும் மார்பகத்திலும் உள்ள அரோமாடேஸ் என்ற நொதியம் ஈஸ்ட்ரஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரஜனால் வளர்பவை. அவற்றுக்கு இந்தக் கசிவே போதும்.

இந்த மாத்திரை அரோமாடேஸைத் தடுக்கிறது. எஞ்சியிருந்த ஈஸ்ட்ரஜன் உற்பத்தியில் 90 வீதத்துக்கும் மேல் குறைந்துவிடும். தமொக்சிஃபென் வேறு விதம். அது ஈஸ்ட்ரஜனைக் குறைக்காமல், புற்றுநோய்க் கலத்தில் ஈஸ்ட்ரஜன் போய்ச் சேரும் இடத்தை அடைக்கிறது. அது குடத்தின் வாயை மூடுவது. இது ஊற்றையே அடைப்பது.

சூலகம் இயங்கும் இளம் பெண்ணில், ஈஸ்ட்ரஜன் குறைந்ததும் கபச்சுரப்பி சூலகத்தை மேலும் தூண்டிவிடும். அதனால்தான் இதே லெட்ரோசோல் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையிலும் பயன்படுகிறது. இளவயதில் மார்பகப் புற்றுநோய் வந்தவருக்குச் சூலகத்தை அடக்கும் சிகிச்சையோடுதான் இதைக் கொடுப்பார்கள். மாத்திரை எடுக்கும் காலத்தில் மாதவிடாய் திரும்பி வந்தால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இனி முக்கியமான விடயம். ஈஸ்ட்ரஜன் இவ்வளவு குறையும்போது மூட்டு வலிக்கலாம், காலையில் விரல்கள் விறைக்கலாம், எலும்பும் மெலியலாம். கொழுந்து பறிப்பவருக்கு இது சம்பளத்தையே தொடும். விரல் மடங்காவிட்டால் கிலோ குறையும்; அரைப்பேர்தான் கிடைக்கும். ஆகவே, மஹரகம வரை அலைந்து சிகிச்சை முடித்தவரும் எவருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். வலி போனதும் சுகம் வந்துவிட்டதாக நினைக்கிறார். ஆனால் ஈஸ்ட்ரஜனும் திரும்பி வந்துவிடுகிறது.

சொன்னால் வழியுண்டு. நடையும் கைப்பயிற்சியும் வலியைக் குறைக்கும். சில வாரம் இடைவெளி விட்டு இதே வகையில் வேறொரு மாத்திரைக்கோ, தமொக்சிஃபெனுக்கோ வைத்தியர் மாற்றலாம். எலும்புக்குக் கல்சியமும் விற்றமின் டீயும், தேவையானால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் உண்டு.

மாணவிகளே, உங்கள் வீட்டிலோ லயத்திலோ இந்த மாத்திரை எடுப்பவர் இருந்தால், அட்டையில் எத்தனை மீதமிருக்கிறது என்று பாருங்கள். கோபிக்காதீர்கள், விரல் வலிக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த கிளினிக்குக்குக் கூடவே போங்கள். சிங்களத்தில் சொல்ல அவர் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள். இக்கல்லூரி எமக்குத் தந்த படிப்பு அதற்கும் உதவட்டும்.